நாற்பத்தோராயிரம் மெழுகுவத்திகள்

நறுமுகையைக் கொன்ற நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் பேரில் நானும் ஒருவன். கத்தியெல்லாம் எடுக்கவில்லை. காந்திபுரம் போகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் ஒரு மெழுகுவத்திப் படத்தைத் தொட்டேன். அது எரிந்தது. சமூகத்துக்கு என்னால் ஆனதைச் செய்துவிட்ட நிம்மதியோடு அடுத்த படத்துக்குப் போனேன். அதில் ஒருவர் பரோட்டா வீசிக்கொண்டிருந்தார்.

நான் மெழுகுவத்தி ஏற்றியது ஒரு போஸ்டருக்கு. 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே கொட்டை எழுத்து. நடுவில் மாலை போட்ட ஒரு பெண்ணின் படம். தோற்றம், மறைவு, இரண்டுக்கும் தேதி. கீழே, 'இப்படிக்கு, தந்தை தங்கதுரை, தேங்காய்க் களம்.' மறைவு என்று போட்டிருந்த தேதியன்று காலையில் அந்தப் பெண் கோயமுத்தூரில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை கலையரசன் வேறு ஜாதி. ஓடிப்போன மகளுக்கு உயிரோடு அஞ்சலி போஸ்டர் ஒட்டுவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. மகளைத் தலைமுழுகியாயிற்று என்று ஊருக்குச் சொல்கிற முறை அது. ஒட்டுவார்கள். மழையில் ஊறும், ஆடு தின்னும். அப்புறம் பேரன் பிறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் அதே அப்பா ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்.

ஆனால் இந்த போஸ்டரை எவனோ படம் எடுத்து இழையில் போட்டுவிட்டான். தங்கதுரையின் சொந்தக்காரர்கள் 'அப்படிப் போடு' என்று மெழுகுவத்தி ஏற்றினார்கள். அதைப் பார்த்து எங்களைப் போன்ற நியாயவான்களுக்குக் கோபம் வந்தது. உயிரோடு இருக்கிற மகளுக்கு அஞ்சலியா, இவனெல்லாம் ஒரு அப்பனா என்று நாங்களும் மெழுகுவத்தி ஏற்றினோம். இரண்டு கட்சிக்கும் ஒரே சின்னம்.

இழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் அது கதை பேசவும் படம் போடவும் வந்தது. அப்புறம் பஸ் டிக்கெட் அதில் வந்தது, ரேஷன் வந்தது, வீட்டுப் பூட்டு வந்தது, ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தது. ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்று பூரித்துப்போனோம். கடைசியில் பிறப்பு இறப்புப் பதிவையும் அதனிடமே கொடுத்தார்கள். சான்றிதழ்களில் போலி மலிந்துவிட்டது. ஒருவர் பொய் சொல்லலாம், ஊரே பொய் சொல்லுமா என்று கேட்டார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் 'இருப்பு' என்று ஒரு எண். உங்களைப் பற்றி மற்றவர்கள் பேசுவது, படம் போடுவது, நீங்கள் போகிற வருகிற இடம் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு எத்தனை உயிரோடு இருக்கிறீர்கள் என்று அது சொல்லும். பத்துக்குக் கீழே போனால் நீங்கள் இல்லை. பூட்டு திறக்காது, பஸ் ஏற்றாது.

நான் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன். பெயர் நவநீதன். நான் இருப்பது மறுபரிசீலனைப் பிரிவு. 'நான் சாகவில்லை' என்று மனுப் போடுகிறவர்களோடு பேசுவது என் உத்தியோகம். எங்கள் தளத்துக்கு மற்ற தளத்துக்காரர்கள் வைத்த பெயர் எமலோகம். எமனுக்காவது பாசக்கயிறு இருந்தது. எனக்கு இருப்பது 'பரிந்துரைக்கிறேன்' என்று ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்கினால் இழை என் பரிந்துரையைக் கனிவோடு வாங்கிக்கொண்டு தன் இஷ்டப்படி செய்யும்.

போஸ்டர் ஒட்டி ஒரு மாதத்தில் நறுமுகையின் இருப்பு நான்குக்கு இறங்கிவிட்டது. அவள் முதலிலேயே அதிகம் பேசாதவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாப்பிட்டதைப் படம் எடுத்துப் போடுகிற பழக்கம் இல்லை, வீட்டில் ஒட்டுக்கேட்கிற பெட்டி எதையும் வைக்கவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல இழையிடம் இருந்தது சொற்பம். செத்தாள் என்று சொல்ல நாற்பத்தோராயிரம். பத்து மாதம் புருஷன் பெயரிலேயே சமாளித்துவிட்டாள். பூட்டை அவன் திறந்தான், ஸ்கேனுக்கு அவன் சீட்டுப் போட்டான், தெரிந்த டாக்டர் பார்த்துக்கொண்டார். அதற்குமேல் முடியவில்லை என்றுதான் கலையரசனின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"நான்தான் சார் அந்தச் செத்துப்போனவ," என்று ஆரம்பித்தாள்.

வயிற்றில் எட்டு மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. வலி எடுக்கும்வரை காத்திருக்க முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும், ரத்தம் நிறையப் போகும். அவளுடையது ஓ நெகட்டிவ். ரத்த வங்கி இரண்டு பாட்டில் எடுத்து வைத்தால்தான் டாக்டர் கத்தியைத் தொடுவார். இறந்தவர் பெயரில் ரத்த வங்கி பாட்டில் ஒதுக்காது. புருஷன் பெயரில் கேட்டால் புருஷனுடைய ரத்த வகையைத்தான் கொடுக்கும். இன்னும் பதினெட்டு நாள். இவ்வளவையும் பதறாமல் வரிசையாகச் சொன்னாள். ரிப்போர்ட் வாசித்துப் பழகியவள்.

நான் கோப்பைத் திறந்தேன். போஸ்டரைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. மெழுகுவத்திப் பட்டியலில் என் பெயரைத் தேடினேன், இருந்தது. மறைத்திருக்கலாம். ஏனோ அவளிடம் மறைக்கத் தோன்றவில்லை, சொல்லிவிட்டேன்.

"கீழ என்னன்னு எழுதுனீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் எழுதலைம்மா."

எழுதியிருந்தால் இழை படித்திருக்கும். அதற்குப் படிக்கத் தெரியும். நாற்பத்தோராயிரத்தில் ஏதாவது எழுதியவர்கள் தொள்ளாயிரம் பேர். மற்ற அத்தனை பேரும் விரலோடு சரி. இவ்வளவு வெட்கம் எனக்கு ஆயுசில் வந்ததில்லை.

விதிமுறையில் ஒரு வழி இருந்தது. இறப்பை முதலில் அறிவித்த ரத்த உறவே நேரில், தன் முகத்தாலும் வாயாலும் மறுத்தால் எண் ஏறும். அது தங்கதுரை. அவள் அவரிடம் போக மாட்டேன் என்றாள், போன் செய்தாலும் எடுக்க மாட்டார் என்றாள். மனுதாரர் குடும்பத்தை நேரில் பார்க்கக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு தாராபுரம் பஸ் ஏறினேன்.

களம் நிறைய உடைத்த தேங்காய் காய்ந்துகொண்டிருந்தது. தங்கதுரை ஐம்பத்தைந்து வயது மனிதர், காய்ந்த பருப்பைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைக் கேட்டதும் எனக்கு மகளே கிடையாது என்றார். போஸ்டர் ஒட்டியதுகூடத் தன் விருப்பம் இல்லையாம். மனைவி போனபிறகு ஒற்றை ஆளாக வளர்த்த பெண். அவள் போனதும் பங்காளிகள் தினமும் வந்து உட்கார்ந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய், என்ன செய்யப் போகிறாய் என்று பிடுங்கினார்களாம். அவர்கள் கேட்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. போஸ்டர் ஒட்டினால் கதை முடிந்தது என்று எழுந்து போய்விடுவார்கள், மகள் பக்கம் யாரும் போக மாட்டார்கள் என்று ஒட்டினாராம். அந்த ஒரு காரியத்தில் மனுஷன் கெட்டிக்காரர்தான். இப்படி ஒரு இயந்திரம் அதைப் படிக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

நான் நஞ்சுக்கொடியைப் பற்றிச் சொன்னேன். ரத்தத்தைப் பற்றிச் சொன்னேன். கிளறுவதை நிறுத்திவிட்டார்.

"எத்தன மாசமுங்க?"

"எட்டு முடியப் போகுதுங்க ஐயா."

உள்ளே போய் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "எம்புள்ள சாகல. எம்புள்ள நறுமுகை உசுரோட இருக்கறா. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்," என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு அப்படியே அழுதார். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் அவருடைய போனுக்குப் பதில் வந்தது. 'உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். துயரத்தில் உள்ளோர் ஆறுதல் பெற எங்கள் ஆலோசகரோடு பேசலாம்.' கூடவே மலர்வளையத்துக்கு ஒரு விளம்பரம். நறுமுகையின் இருப்பு நான்கிலிருந்து மூன்றாகியிருந்தது.

மறுநாள் எங்கள் பிரிவின் தலைவி சுமித்ரா மேடத்திடம் போய் நின்றேன். நேரில் போனதற்கு முதலில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு கோப்பைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கல்நெஞ்சுக்காரி இல்லை. பதினோரு வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறார், அவ்வளவுதான்.

"இழைக்கு யாரு சொல்லிக் கொடுத்தா நவநீதன்? நாமதான். கோடிக்கணக்கான எழவு வீட்டை அது பாத்திருக்கு. புள்ளையப் பறிகொடுத்தவங்க மொதல்ல என்ன சொல்றாங்க? 'எம்புள்ள சாகல'ன்னுதான். அழுதுக்கிட்டேதான் சொல்றாங்க. இவரும் அதையேதான சொல்லியிருக்காரு?"

அழாமல் சொல்லச் சொல்லலாமா என்று கேட்டேன். அது மனப்பாடம் செய்து ஒப்பித்த மாதிரி இருக்கும், மிரட்டிச் சொல்ல வைத்ததாக இழை எடுத்துக்கொள்ளும் என்றார். மேலே எழுதிப் போடலாமா என்றேன். போடலாம், ஆறு மாதத்தில் பதில் வரும் என்றார். குழந்தைக்குப் பல் முளைத்திருக்கும், தாய் இருக்க மாட்டாள்.

இரண்டு நாள் நான் வேறு வேலை பார்க்கவில்லை. இழையில் தவறாகச் செத்துத் தானாகவே திரும்ப உயிர் பெற்ற ஆட்களின் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். அதிகம் இல்லை. ஒரு நடிகர் இருந்தார். விபத்தில் போய்விட்டார் என்று வதந்தி கிளம்பி ரசிகர்கள் லட்சக்கணக்கில் மெழுகுவத்தி ஏற்றியதில் காலையில் இரண்டுக்கு வந்தவர், மத்தியானம் தொண்ணூறில் இருந்தார். ரசிகர்கள் காப்பாற்றியிருப்பார்கள் என்று தோண்டினேன். இல்லை. ரசிகர்கள் அழுது அழுது மேலும் கீழே தள்ளியிருக்கிறார்கள். காப்பாற்றியவர்கள் எதிர்முகாம் நடிகரின் ஆட்கள். அவர்களுக்கு வதந்தி போய்ச் சேரவில்லை. அன்றைக்கும் வழக்கம்போல் அவருடைய மூக்கு, நடனம், முந்தின படம் என்று சகட்டுமேனிக்குத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊரில் செத்தவரை யாரும் திட்டுவதில்லை. எவ்வளவு பெரிய போக்கிரியும் பாடையில் ஏறிவிட்டால் தங்கமான மனுஷன். இழை நம்மிடம்தானே பாடம் படித்தது? ஒருவரைப் பற்றி நல்லதாகவே பேசினால் அவர் போய்விட்டார். வாய் கூசாமல் வைதால் அவர் இருக்கிறார். அவ்வளவுதான் அது கற்றுக்கொண்ட தமிழ்நாடு.

நறுமுகையிடம் யோசனையைச் சொன்னேன். எல்லாரும் பார்க்கும்படி அப்பா உன்னைத் திட்ட வேண்டும், உலகமே கேட்கும், பரவாயில்லையா என்று கேட்டேன். முதல் முறையாகச் சிரித்தாள். "அவருக்கு அது தண்ணி பட்ட பாடுங்ணா," என்றாள்.

ஆனால் அவருக்கு வரவில்லை. மறுபடி களத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறப்பார், மூடுவார். "அன்னைக்கெல்லாம் வாய் நெறைய வந்துச்சுங்க தம்பி. இப்ப அவ ஆஸ்பத்திரியில கெடக்கப் போறான்னு தெரிஞ்சப்பறம் எப்படித் திட்டறது?" என்றார். இன்னும் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது என்றேன். சின்ன வயதில் எதற்காகத் திட்டுவீர்கள், அதிலிருந்து தொடங்குங்கள் என்றேன்.

"சொன்ன பேச்சுக் கேக்க மாட்டா," என்று இழுத்தார். "கழுத. குளிச்சுட்டு ஈரத்துண்டக் கட்டல்ல போடுவா. நாளுக்கொரு செருப்புத் தொலைப்பா. பருப்பு கடையத் தெரியாது, தண்ணியா ஊத்தி வெப்பா, அதைத் திங்கோணும் நானு." குரல் மெல்ல ஏறியது. "என்னப் பெத்த அப்பன்னு மதிச்சாளா? ஒரு வார்த்த, அப்பா நான் இவனக் கட்டிக்கறேன்னு ஒரு வார்த்த சொன்னாளா? நானென்ன புலியா கரடியா? நன்றிகெட்ட எருமை. ஒத்தையில வுட்டுட்டுப் போயிட்டா. இங்க ஒருத்தன் காச்சல்ல கெடந்தானே, ஏன்னு கேட்டாளா? நல்லாத் தின்னுட்டு நல்லாத் தூங்குவா. அவளுக்கென்ன, மூதேவி. எக்கேடோ கெட்டுப்போகட்டும்."

கண் கலங்கப் பார்த்தது. நான் வேண்டாம் என்று கை ஆட்டினேன். வேர்வையைத் துடைக்கிற மாதிரித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அன்றைக்குச் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இழையும் நம்பியது.

எண் மூன்றிலிருந்து பதினான்குக்கு வந்தது. நறுமுகை மயிரிழையில் உயிர் பெற்றுவிட்டாள். நாங்கள் நிறுத்தியது அத்தோடு. மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது.

மெழுகுவத்தி ஏற்றிய அத்தனை பேருக்கும் இழை கடமை தவறாமல் செய்தி அனுப்பியது. 'நீங்கள் அஞ்சலி செலுத்திய நறுமுகை இப்போது நம்மோடு இருக்கிறார்.' எனக்கும் வந்தது. கூடவே அப்பா திட்டுகிற படம். ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவன் ஆரம்பித்தான். நாங்கள் அழுததெல்லாம் நடிப்புக்கா என்று ஒரு அம்மாள். பெற்றவரைக் காய்ச்சலில் விட்டுவிட்டு ஓடியவள் என்று இன்னொருவர். அவளுக்காகக் கொதித்த நியாயவான்கள்தான் முன்வரிசையில். இந்த முறை யாரும் விரலோடு நிற்கவில்லை. எல்லாரும் எழுதினார்கள், பக்கம் பக்கமாக. சாயங்காலத்துக்குள் அவள் வீட்டு வாசலைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் பரிசோதனைக் கூடத்தில், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தேழு வருஷமாகத் தன்னைப் பற்றி யாருக்கும் எதுவும் காட்டாமல் வாழ்ந்தவளின் ரத்த வகைகூட ஊருக்குத் தெரிந்துவிட்டது.

இருப்பு தொண்ணூற்றொன்று. பங்காளிகள் மறுபடி தங்கதுரை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவர் அவர்களையும் சேர்த்துத் திட்டி அனுப்பினார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர்களும் வாயை மூடிக்கொண்டு போனார்கள். ரத்த வங்கி இரண்டு பாட்டில் ஒதுக்கியது. அறுவையில் ஒன்றரை பாட்டில் ஏறியது. பெண் குழந்தை.

குழந்தை பிறந்த அன்று தங்கதுரை சந்தோஷத்தில் ஒரு தப்புச் செய்துவிட்டார். மகளின் பள்ளிக்கூடப் படம் ஒன்றைப் போட்டு, 'என் குலதெய்வம், என்னை மன்னித்துவிடு கண்ணு' என்று எழுதிவிட்டார். ஊரும் அவளைத் திட்டி அலுத்துப்போய் வேறு ஆளிடம் போயிருந்த நேரம். ஒரே ராத்திரியில் முப்பது புள்ளி போயிற்று. சுமித்ரா மேடம் எனக்குப் போன் செய்து, அவரை எடுக்கச் சொல்லு, அப்பாவாம் அப்பா என்று கத்தினார். படத்தை எடுத்துவிட்டோம். அன்றிலிருந்து தங்கதுரை வாரம் ஒரு முறை மகளைத் திட்டிப் போடுகிறார். தவறுவதே இல்லை.

குழந்தைக்குப் பெயர் வைக்கிற அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போத்தனூரில் சின்ன வீடு. வாசலில் அந்நியர்கள் எழுதிவிட்டுப் போன எழுத்துகளின் மேல் கலையரசன் சுண்ணாம்பு அடித்திருந்தான். தங்கதுரை முதல் முறையாக அந்த வீட்டுக்கு வந்தார். கதவருகிலேயே தயங்கி நின்றார். பூட்டு வழியாக இழை கேட்கும், என் சட்டைப் பையில் இருக்கிற போன் கேட்கும், அவருடையதும் கேட்கும். ஒரு வருஷத்துக்குப் பிறகு மகளை நேரில் பார்க்கிற மனிதர், "இதெல்லாம் ஒரு ஊடா? நிக்க எடமில்ல. உனக்கு மூளையே கெடையாது," என்றபடி உள்ளே வந்து அவள் தலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "வாங்கப்பா," என்றாள் நறுமுகை. "மெலிஞ்சு குச்சியாட்டம் கெடக்கற. சோறு ஆக்கித் திங்கக்கூடத் துப்பில்ல," என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குரலில் மட்டும் அது தெரியாமல் பார்த்துக்கொண்டார். பழகிவிட்டிருந்தது.

குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் பிறந்த அன்றே குழந்தைக்கும் இழையில் ஒரு எண் வந்துவிடுகிறது. முப்பது நாளாக வந்தவர்கள் எல்லாரும் தேவதை என்றார்கள், சாமி என்றார்கள், ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். பாப்பாவின் எண்ணைக் கலையரசன் எனக்குக் காட்டினான். எழுபதில் தொடங்கியது நாற்பத்தாறில் இருந்தது.

நறுமுகை அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இவளையும் ஒரு வார்த்த திட்டிருங்கப்பா," என்றாள்.

தங்கதுரை குழந்தையைப் பார்த்தார். அது கொட்டாவி விட்டது, அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். என்ன குற்றம் சொல்வது என்று அவர் குழந்தையின் முகத்தில் தேடிக்கொண்டே இருந்தார்.